ஒரே கடல், ஒன்பது நாட்டு வகுப்பறைகள்

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் தூரமா, ஐரோப்பாவோட வடக்குல இருக்கிற பால்டிக் கடலுக்குப் போறோம். சுத்தி ஒன்பது நாடுகள். டென்மார்க் பக்கத்து குறுகலான நீரிணைகள் வழியாத்தான் பெருங்கடல் தண்ணி உள்ள வரணும். அதனால மொத்தத் தண்ணியும் மாற சுமார் 30 வருஷம் ஆகும். ஒரு நாட்டு வயல்ல போட்ட உரம் ஆத்தோட வந்து, இன்னொரு நாட்டுக் கரையில பாசியா மண்டும்.

1974ல ஹெல்சிங்கியில கரையோர அரசுகள் இந்தக் கடலுக்காக ஒப்பந்தம் போட்டன. பனிப்போர் காலம், சோவியத் யூனியனும் மேற்கு ஜெர்மனியும் ஒரே ஒப்பந்தத்துல! ஆனா அதைவிட எனக்குப் பிடிச்சது, 1989ல பின்லாந்து முன்கை எடுத்துத் தொடங்கின 'பால்டிக் கடல் திட்டம்'. யுனெஸ்கோவோட இணைப்புப் பள்ளிகளை ஒண்ணா கோத்தாங்க. தண்ணியோட தரம், காத்து, பறவைகள், கரையோரம்னு வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்க. அப்போ எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூணும் சோவியத்துக்குள்ள இருந்துச்சு. 1991ல தனி நாடாச்சு. உலக மேப்பே மாறிச்சு, திட்டம் நிக்கல.

காரணம் என்னன்னா, எல்லாரும் ஒரே மாதிரி அளக்கக் கையேடு போட்டாங்க. அது ஏன் முக்கியம்? செக்கி தட்டுன்னு ஒண்ணு உண்டு. கயித்துல கட்டின தட்டைத் தண்ணியில இறக்கி, கண்ணுக்கு மறையுற ஆழத்தைக் குறிச்சுக்கணும். தண்ணி எவ்வளவு தெளிவுன்னு தெரிஞ்சிடும். ஆனா ஒரு ஸ்கூல் மத்தியானமும் இன்னொரு ஸ்கூல் சாயங்காலமும் அளந்தா, ரெண்டு நம்பரையும் ஒப்பிட முடியாது. ஆபீஸ்ல டேட்டா ஃபார்மட் பேசி வைக்காத ரெண்டு டீம் கதைதான்.

இப்போ நம்ம கடல். நான் இருக்கிறது கேளம்பாக்கம். உப்பளத்தைத் தாண்டினா கோவளம். 2025 ஜனவரியில சென்னை, செங்கல்பட்டு கரைகள்ல பங்குனி ஆமைகள் நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குச்சு. இழுவலையில சிக்கினா மூச்சு விட மேல வர முடியாது. இதுங்க ஒடிசா, தமிழ்நாடு, இலங்கைன்னு எல்லை பாக்காம நீந்துற ஜீவன்.

பால்டிக்குக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1988ல, சென்னையில மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக்குன்னு ஒரு அமைப்பைத் தொடங்கிட்டாங்க. ராத்திரியில கரையோரமா நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துல வெச்சு, குஞ்சுகளைக் கடல்ல விடுறாங்க. அரசுகள் அளவுலயும், 1979ல தொடங்கின வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், 2003ல இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு சேர்ந்த அமைப்பா மாறிச்சு. தலைமையகம் சென்னையிலதான்.

1989ல நம்ம ராணுவம் இலங்கையில இருந்துச்சு. ராமேஸ்வரத்துப் பள்ளிக்கூடமும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடமும் அப்போ ஆமைக் கணக்கைப் பத்திப் பேசியிருக்க முடியுமா? இப்போ முடியும். மீனவர் கைது செய்தி வர்ற நாள்லகூட முடியும்னு நினைக்கிறேன், ஏன்னா இது மீன் பங்கீடு இல்ல.

முதல்ல ஒரே ஒரு ஷீட் போதும். தேதி, நேரம், எந்தக் கரை, ஆமை உயிரோட இருக்கா செத்திருக்கா, துடுப்புல டேக் நம்பர் இருக்கா. ரெண்டு ஊர்லயும் தமிழ்லயே நிரப்பலாம். பால்டிக் பசங்களுக்கு அந்த வசதி இல்ல.