கவலைப்படும் ஆபீசர்!

முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கடிதத்தை இங்கிலீஷில் டிராஃப்ட் செய்து மேலதிகாரியிடம் பெருமையாக நீட்டினேன். 'இதை கன்சர்ன்ட் ஆபீசருக்கு அனுப்பவும்' என்பது அதன் சாரம். அவர் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். ''ஏம்ப்பா, அந்த ஆபீசருக்கு அப்படி என்ன கவலை?''

அறையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் முழித்தேன்.

''ஆபீசர் கன்சர்ன்ட்னு எழுதணும்.''

''ஏன் சார்?''

''ஏன்னா? அது அப்படித்தான்!''

காது மடல் சூடாக வெளியே வந்தேன். ஆனால், அந்த 'அப்படித்தான்' மட்டும் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் ஒரு யுத்தக் கதையே இருக்கிறது என்று!

முதலில் விஷயத்தைப் பார்த்துவிடலாம். 'கன்சர்ன்ட்' என்பது பள்ளிக்கூடத்தில் பார்ட்டிசிபிள் என்று படித்தோமே, அந்த ஜாதி. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்றால் 'சம்பந்தப்பட்ட' என்று அர்த்தம். முன்னால் வந்து நின்றால் 'கவலையில் ஆழ்ந்த'! 'இன்வால்வ்ட்' என்ற சொல்லும் இதே மாதிரிதான். பின்னால் என்றால் 'தொடர்புடைய', முன்னால் என்றால் 'சிக்கலான'. 

ப்ரெபொசிஷன் தொல்லை வேறு. 'இன்ட்ரஸ்ட்'டுக்கு 'இன்' வேண்டும். 'ரீஸன்'னுக்கு 'ஃபார்'. 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுடன் 'அபவுட்' சேரலாம். அதுவே 'டிஸ்கஸ்' என்று வினைச்சொல்லாகிவிட்டால் 'அபவுட்' கூடாது. (இந்த இடத்தில் வழுக்கி விழாத இந்தியர் உண்டா?)

இங்கிலீஷைத் திட்டாதீர்கள். தமிழ் மட்டும் என்னவாம்? ஒருவர் 'மேல்' கோபம் வருகிறது, அவரைக் 'கண்டு' பயம் வருகிறது, அவரு'க்கு'த் துரோகம் செய்கிறோம். அவரைக் கண்டு ஏன் துரோகம் செய்வதில்லை? சின்ன வயசிலிருந்து காதில் விழுந்ததால் நாம் யோசிப்பதே இல்லை. வெளியூர்க்காரர் கேட்டால் நாமும் சொல்வோம்... 'அது அப்படித்தான்!'

இங்கிலீஷ்காரர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களுடைய டிக்ஷனரிகள் ஒரு சொல்லின் அர்த்தத்தை அழகாகச் சொல்லும். அது எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது என்பதை எடுத்துச் சொல்லாது. பிறவியிலேயே தெரிந்தவனுக்கு அது எதற்கு? தெரியாதவன் கேட்டால்தானே பிரச்னை!

கேட்டவர்கள் ஜப்பானியர்கள்.

1922-ல் ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயரை ஜப்பானியக் கல்வித்துறை ஆலோசகராக அழைத்தது. மறு வருஷமே டோக்கியோவில் ஆங்கிலப் போதனைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். ஜப்பானிய மாணவர்கள் சொற்களை மனப்பாடம் செய்வதில் சூரர்கள். ஆனால், சேர்த்து எழுதும்போது சறுக்குகிறார்கள். காரணம் தேடுவதில் பிரயோஜனமில்லை, எது எதோடு சேர்கிறது என்று பட்டியல் போடுவதுதான் வழி என்று பாமர் தீர்மானித்தார். 1933-ல் ஆயிரக்கணக்கான சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கையே வெளியிட்டார்.

அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஏ.எஸ்.ஹார்ன்பி. 1924-ல் ஜப்பானுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுக்கப் போனவர். மாணவர்களுக்குத் தேவை இலக்கியமல்ல, மொழி என்று சீக்கிரமே புரிந்துகொண்டார். 1936-ல் பாமர் ஊர் திரும்பிவிட, கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்ற இரண்டு சகாக்களுடன் ஹார்ன்பி ஒரு புதுமாதிரி டிக்ஷனரியில் இறங்கினார். எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது, எந்த வினைக்குப் பின்னால் எந்த அமைப்பு வரும் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். 1940 வாக்கில் வேலை முடிந்தது.

அடுத்த வருஷம் டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. ஒரே நாளில் ஹார்ன்பி ஜப்பானுக்கு எதிரி நாட்டுப் பிரஜை! காவலில் வைத்துவிட்டார்கள்.

டிக்ஷனரி அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். இல்லை! 1942-ல், யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, எதிரி மொழியைப் பற்றி எதிரிகள் எழுதிய அந்தப் புத்தகத்தை டோக்கியோவின் கைத்தகுஷா பதிப்பகம் அச்சிட்டு வெளியிட்டது. அதே வருஷம் ஹார்ன்பி நாடு திரும்ப அனுமதிக்கப்பட்டார். 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபதிப்பு செய்தது. நம் வீட்டு அலமாரிகளில் தடியாக உட்கார்ந்திருக்கிறதே ஆக்ஸ்ஃபோர்டின் 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' டிக்ஷனரி, அதன் மூதாதை இதுதான். 1961-ல் ராயல்டிப் பணத்தைக் கொண்டு, வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களின் படிப்புக்காக ஹார்ன்பி ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. 1961-ல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களை எடுத்து பிரவுன் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டருக்குள் போட்டது. இங்கிலாந்தில் ஜான் சின்க்ளேர் பர்மிங்ஹாமில் இருந்துகொண்டு கோடிக்கணக்கில் சேர்த்தார். 1987-ல் வந்த அவருடைய கோபில்ட் டிக்ஷனரி, ஜனங்கள் நிஜமாகவே எழுதிய, பேசிய வாக்கியங்களை வைத்து உருவானது. 'எனக்குத் தோன்றுகிறது' என்ற பண்டிதர் பேச்சு போய், 'எத்தனை தடவை வந்திருக்கிறது?' என்ற கணக்கு வந்தது.

இங்கேதான் நம் ஊரும் வருகிறது. மகாராஷ்டிராவில், கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி.சாஸ்திரி என்ற பேராசிரியர், 1978-ல் இந்தியாவில் வெளியான ஆங்கில எழுத்துகளிலிருந்து அதேபோல் பத்து லட்சம் சொற்களைத் திரட்டினார். அதாவது, நாம் எழுதும் இங்கிலீஷும் 'தப்பு' என்று தள்ளப்படாமல், எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாக மதிக்கப்பட்டது.

நம் அலுவலகங்களில் 'கன்சர்ன்ட் ஆபீசர்' இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார். ஃபைலுக்கு ஃபைல் தாவுகிறார். கவலைப்படுகிறவர் என்று இங்கே யாரும் அவரைப் புரிந்துகொள்வதில்லை. லண்டனுக்கு எழுதும்போது அவரைப் பின்னால் தள்ளிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் டிக்ஷனரியைப் புரட்டவில்லை. 'ஏன் சார்?' என்று தயக்கத்தோடு கேட்ட ஏதோ ஒரு ஜப்பானிய மாணவனால்தான், இன்று நமக்குப் புரட்ட ஒரு டிக்ஷனரி இருக்கிறது. உங்கள் பிள்ளை வந்து 'ஏன்?' என்று கேட்டால் தயவுசெய்து சிரிக்காதீர்கள்!