தோட்ட எல்லையில் நின்ற நிதி

மலையகத்தில் லயம் ஒன்று தீப்பற்றினால் முதலில் வருவது தீயணைப்பு வண்டியன்று. பீலியிலிருந்து வாளி சுமந்து ஓடிவரும் பெண்களே. நகரத்து வண்டி மேட்டுப் பாதையையும் ஒடுங்கிய வளைவுகளையும் கடந்து வருவதற்குள், ஒரு காம்பராவில் மூண்ட நெருப்பு வரிசை முழுவதையும் தின்றுவிடக்கூடும்.

லயத்தின் அமைப்பே அத்தகையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள் ஒரே கூரையின் கீழ் நெருக்கப்பட்டுள்ளன. இடைச்சுவர்கள் பல இடங்களில் கூரைவரை எட்டுவதில்லை. அடுப்புப் பொறியோ பழுதுற்ற மின்கம்பியோ மூட்டிய தீ, புகைபடிந்த மரச்சட்டங்களின் வழியே அடுத்த வீட்டுக்குத் தாவுகிறது. குறைந்த செலவில் மிகுந்த உழைப்பாளரை அடைத்துவைக்கக் கோப்பிக்காலத் துரைமார் கண்ட கட்டடக்கலை இது. கோப்பி போய்த் தேயிலை வந்தது, கலை மாறவில்லை.

இத்தீயை அணைக்கும் கடமை யாருடையது? எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க உள்ளூராட்சி அமைச்சராயிருந்த காலத்தில், 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. இனப்பாகுபாடு என்று கண்டனம் எழவே, சட்டத்தின் சொற்கள் மாற்றப்பட்டன: தோட்டத்தில் வதியும் தொழிலாளர் எவ்வினத்தவராயினும் வாக்கில்லை என்றாயிற்று. சமத்துவம் இப்படியும் வரும் போலும்! 1948இல் குடியுரிமையே பறிபோயிற்று.

1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோர் குடிமக்களாயினர். ஆயினும் வாக்கு வந்த வழியே நிதி வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாகவே நின்றது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனி நிர்வாகத்துக்குச் சென்றன, தடையோ அசையவில்லை. தோட்டத்தாரின் வாக்கால் உறுப்பினரானவர், அவர்தம் லயத்துக்குச் சபைப் பணத்தில் ஒரு குழாய் போடவும் வழியின்றி இருந்தார். இத்தடையை நீக்கும் திருத்தம் 2018இல்தான் நிறைவேறியது. நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்ததும் அவ்வாண்டே.

இலண்டன் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் அங்கு நெருப்பணைத்தவை காப்புறுதிக் கம்பனிகளின் படைகளே. 1861இல் டூலி வீதிப் பண்டகசாலைகள் எரிந்து பெருநட்டம் விளைந்ததும், இனி இச்சுமை எங்களதன்று என்று கம்பனிகள் கைவிரித்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீயணைப்பு பொதுக்கடமை ஆயிற்று. அங்கே அரசை அசைத்தது எரிந்த சரக்கு. எரிந்த லயங்களுக்கு அவ்வலிமை இல்லை.

கம்பனியின் பொறுப்பைச் சபையின் தலையில் ஏற்றுவதா எனச் சிலர் கேட்பர். கம்பனியை விட்டுவிட வேண்டியதில்லை; ஆனால் வழக்கு முடியும்வரை நெருப்பு காத்திராது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைப்பதே மெய்யான தீர்வு. அது எல்லாருக்கும் கிட்டும்வரை லயத்தில் உறங்குவோர் உளர். சபைகளின் வருவாய் சிறிதுதான். எனினும் ஆண்டு முடிவில் எஞ்சும் தொகையில் தூக்கிச் செல்லத்தக்க நீரிறைக்கும் இயந்திரம், குழாய்ச்சுருள், பீலியருகே ஒரு நீர்த்தொட்டி ஆகியவற்றை அமைக்கலாம். அவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு டிவிசனிலும் பத்து இளைஞருக்கு நுவரெலியா மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவினரைக் கொண்டு பயிற்சி அளிக்கலாம். பயிற்சியில்லாதவன் கையில் இயந்திரம் இரும்புச்சுமையே. எரிந்தபின் பாயும் அரிசியும் வழங்கிப் படமெடுத்துக்கொள்ளும் செலவு இதனினும் குறைந்ததா என்பதையும் கணக்கிட வேண்டும்.

அக்கணக்கு எவருக்கும் எட்டாததன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தம் சபையில் சென்ற ஆண்டு எஞ்சிய தொகை எவ்வளவு, அதில் தோட்டத்துக்குள் சென்றது எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடைபெற ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிமையுண்டு.