கூரையா, நிலமா? ஊவாத் தோட்டங்களில் லயங்களைச் சீர்திருத்திய வரலாறு

பழைய குடியிருப்பைத் திருத்துவதா, கைவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி இலங்கையின் ஊவா மாகாணத்தில் உள்ள பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்து வருகிறது. ஆனால் அக்காலத்தின் பெரும்பகுதியில் அக்கேள்விக்கு விடை சொல்லும் உரிமை அங்கு குடியிருந்தவர்களுக்கு இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வசிக்கும் நீண்ட வரிசை வீடுகளே லயங்கள் எனப்படுகின்றன. அவற்றில் எப்போது எது திருத்தப்பட்டது, எது விடப்பட்டது என்பதை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது, தொழிலாளி இந்த மண்ணில் எவ்வளவு காலம் இருப்பார் என்று நிர்வாகமும் அரசும் போட்ட கணக்கே ஒவ்வொரு திருத்தத்தின் அளவையும் தீர்மானித்திருப்பது தெரியவருகிறது.

லயத்தின் அமைப்பு கோப்பிக் காலத்தில் உருவானது. கோப்பிப் பழம் பறிக்கும் வேலை ஆண்டின் சில மாதங்களுக்கே உரியதாக இருந்ததால், தமிழகத்திலிருந்து கங்காணிமார் எனப்பட்ட ஆள்சேர்ப்போர் அழைத்து வந்த தொழிலாளரில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் போதும் என்ற எண்ணத்தில், கல்லாலோ மண்ணாலோ சுவரெழுப்பிப் புல் வேய்ந்த கொட்டகைகள் கட்டப்பட்டன. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. தொழிலாளர் குடும்பத்தோடு வந்து நிலைத்தனர். பிள்ளைகள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தனர். தொழிலின் தன்மை இவ்வாறு மாறியபோதும் வீட்டின் அமைப்பு மாறவில்லை. ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பரா எனப்படும் ஓர் அறை, அதன் முன்னே சமையலுக்கும் பயன்படும் இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணை என்ற கணக்கில் குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இரண்டு வரிசைகள் பின்சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை லயங்களில், இரு நுனிகளிலும் உள்ள தொங்கல் காம்பராக்களைத் தவிர ஏனையவற்றுக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ ஜன்னல் வைக்க வழியே இல்லை. அடுப்புப் புகை வாசல் வழியாகவும் கூரை இடுக்குகள் வழியாகவும் மட்டுமே வெளியேறியது.

பரவலாக நிகழ்ந்த முதல் திருத்தம் கூரையில்தான் தொடங்கியது. ரயில் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டி, 1924இல் பதுளையில் முடிவடைந்தபோது, முன்பு மாட்டுவண்டிகளில் மலையேறிய தகரமும் சீமெந்தும் தோட்டங்களுக்கு எளிதாக வந்து சேர்ந்தன. தீப்பிடிக்கும் புல்லைவிடத் தகரம் நீடித்தது என்பது உண்மையே. ஆயினும் ஊவாவின் காலநிலை அதற்கு ஆண்டுக்கு இருமுறை சோதனை வைத்தது. ஆடி, ஆவணி மாதங்களில் மலையைத் தாண்டி வறண்டு வீசும் காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் தனிமணத்தைக் கொழுந்தில் ஏற்றுகிறது. அதே காற்று ஆணி கழன்ற தகரங்களைப் பிய்த்தெறிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் பெருமழை அந்த ஆணித் துளைகளின் வழியே உள்ளே இறங்குகிறது. தகரத்தின் மேல் கருங்கற்களையும் பழைய டயர்களையும் ஏற்றிவைத்து, ஒழுகும் இடங்களைத் தாரால் அடைத்து, உள்ளே பொலித்தீன் விரிப்பைக் கட்டிக் குடும்பங்கள் சமாளித்து வந்த முறை இன்றும் பல தோட்டங்களில் காணக்கூடியது.

இரண்டாவது திருத்தம் நோயின் காரணமாக வந்தது. தோட்டங்களின் மருத்துவத் தேவைகளையும் தொழிலாளரின் நோய்த்தடுப்பையும் ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் 1912இல் இயற்றப்பட்டன. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. மண்ணில் வளரும் இப்புழு வெறுங்காலின் தோல் வழியாக உடலுக்குள் நுழைந்து, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது. மருந்து கொடுத்துக் குணமாக்கியவர்களும் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றதால், மலசலகூடம் கட்டாமல் மருந்துக்குச் செலவிடும் பணம் வீண் என்பது தெளிவாயிற்று. தொழிலாளியின் உடல் வலிமை தோட்டத்தின் வருமானத்தோடு இணைந்திருந்ததால் இந்த வாதம் நிர்வாகத்தின் காதில் ஏறியது. கட்டிய மலசலகூடங்களோ குடும்பத்துக்கு ஒன்றாக அமையாமல் லயத்துக்குச் சிலவாகவே அமைந்தன. பொதுவில் விடப்பட்டதால் பராமரிப்பின்றிப் பல பாழாயின.

சுதந்திரத்தின் பின் வந்த காலம் இந்தச் சிறிய முன்னேற்றத்தையும் தடுத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இத்தொழிலாளர் குடும்பங்களான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்து, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னர் தீர்மானிக்க விட்டுவைத்தது. எந்தக் குடும்பம் கப்பலேறும், எது தங்கும் என்று தெரியாத நிலையில் லயத்துக்குச் செலவிட நிர்வாகங்கள் முன்வரவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோது, பழுதடைந்த லயங்களும் அவற்றோடு கைமாறின. அந்த ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களின் சிசு மரண வீதம் ஆயிரம் பிறப்புகளுக்கு நூறைத் தாண்டியது.

1980களின் நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டு உதவியோடு நடந்த சமூக நலத் திட்டங்களே லயச் சீர்திருத்தத்தை முதன்முறையாகத் தொடர்ச்சியான பணியாக்கின. குழாய்நீர், குடும்பத்துக்கொரு மலசலகூடம், பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராக்கள் ஆகியவை இத்திட்டங்களில் முன்னுரிமை பெற்றன. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது குடியிருப்புக்கும் நலன்புரிக்கும் தனி நிதியம் அமைக்கப்பட்டது. அதுவே 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாறியது. சிசு மரண வீதம் பின்வந்த ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்ததில் தாய்சேய் மருத்துவ சேவையோடு நீருக்கும் கழிவகற்றலுக்கும் பெரும் பங்குண்டு. பொதுப் பீலியில் விழும் ஊற்றுநீருக்கு வரிசையில் நின்ற குடும்பத்துக்கு வாசலில் குழாய் வந்ததைப்போல் உடனடிப் பயன் தந்த திருத்தம் வேறொன்றில்லை.

ஆனால் இதே காலத்தில் பெருமளவில் நடந்த கூரை மாற்றத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. புதிய கூரை ஒழுக்கை நிறுத்தியது. அதன் கீழிருந்த காம்பராவின் இருளையும் நெருக்கடியையும் அது தொடவில்லை. மூன்று தலைமுறையினர் ஒரே அறையில் உறங்கும் வீட்டுக்குப் புதுத் தகரமோ அஸ்பெஸ்டஸ் தகடோ கூடுதல் இடம் தருவதில்லை. தகரத்தைவிட வெப்பத்தையும் மழை இரைச்சலையும் அடக்கிய அஸ்பெஸ்டஸ், உடைந்தால் நுரையீரலுக்குத் தீங்கான தூசைப் பரப்புவது. திருத்தப்பட்ட லயமும் தோட்டத்தின் சொத்தாகவே இருந்ததால், தம் கைப்பணத்தில் முன்பக்கம் ஓர் அறையையோ குசினியையோ இழுத்துக் கட்டிய குடும்பங்கள் தோட்ட மேலாளரான துரையின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்த பணம் இவ்வாறு பிறருக்குரிய சுவரில் ஒட்டப்பட்டது. அதை விற்கவோ, ஈடுவைத்துக் கடன் பெறவோ வழியிருக்கவில்லை.

சுவரையும் கூரையையும் பற்றிய கணக்குகள் அனைத்துக்கும் அடியில் நிலம் இருக்கிறது என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்த உணர்த்தியது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தின் லயங்களைச் சரிந்து வந்த மலை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்று நிலமும் வீடும் இல்லாத குடும்பங்களுக்கு அந்த எச்சரிக்கையால் போக்கிடம் கிடைக்கவில்லை. உயிர்தப்பிய குடும்பங்களுக்காகப் பூனாகலையில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016இல் கையளிக்கப்பட்டன. இடம்பெயர வேண்டும் என்ற முடிவைச் செயலாக்க இயலும் என்பதை அவ்வீடுகள் காட்டுகின்றன. அந்த முடிவு எச்சரிக்கையின்போதே செயலாகியிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்களையும் அவை நினைவூட்டுகின்றன.

இதன் பின்னரே திருத்தம் என்ற சிந்தனை பின்தள்ளப்பட்டு, ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற கொள்கை வலுப்பெற்றது. பேர்ச் என்பது ஏக்கரின் 160இல் ஒரு பங்கு. இந்திய அரசின் நன்கொடையில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தோட்டப் பகுதிக்குப் பிரதேச சபைகள் செலவிடுவதற்கு இருந்த சட்டத்தடை 2018இல் நீக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் கொண்டுவந்த மண்சரிவுகள், இடத்தேர்வு எவ்வளவு அவசரமானது என்பதை மீண்டும் நிறுவின.

எல்லா லயக் குடும்பங்களுக்கும் தனிவீடு கிடைக்கப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை எதைத் திருத்துவது என்ற கேள்வியும் நீடிக்கும். ஊவாவின் அனுபவம் அதற்கு ஒரு வரிசையைத் தருகிறது. சரியக்கூடிய நிலத்தில் நிற்கும் லயத்துக்கு ஓர் ஆணிகூட அடிக்காமல் குடும்பங்களை முதலில் அகற்ற வேண்டும். உறுதியான நிலத்தில் நீரும் மலசலகூடமும் எந்த நிலையிலும் செலவுக்கு ஈடான பயனைத் தருபவை. புதுவீடு வரும்வரை காத்திருக்கும்படி அவற்றைத் தள்ளிவைப்பது தவறு. கூரை, அடுப்பு, கூடுதல் அறை ஆகியவற்றுக்குச் செலவிடுவதற்கு முன், அந்தச் சுவரும் அதன் கீழுள்ள மண்ணும் குடியிருப்பவரின் பெயரில் எழுதப்பட வேண்டும். உறுதிப்பத்திரம் கைக்கு வந்த குடும்பத்துக்கு எந்த அறையை எப்போது கட்டுவது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம் உழைப்பால் ஒரு நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கிய மக்களுக்கு அந்த முடிவெடுக்கும் உரிமை எப்போதோ சேர்ந்திருக்க வேண்டும்.