உறவாக்கின தலைக்கோலி

திருவொற்றியூர்த் தியாகராசர் ஆலயத்தில் 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய கலைச்செல்வி. 'தலைக்கோலி' என்பது ஆடல் பாடல்களில் தேர்ந்த மகளிர்க்குரிய விருதுப்பெயர். மூன்றாம் இராசராச சோழனின் 19-ஆம் ஆட்சியாண்டில், ஆவணித் திருநாளில், அம்மன்னன் செவிமடுக்க இவர் அகமார்க்கம் எனும் பாடல்வகையைப் பாடிய செய்தியை அவ்வாலயக் கல்வெட்டு உரைக்கின்றது. 1231-இல் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கனால் சேந்தமங்கலத்தில் சிறையிடப்பட்டு, போசள வேந்தன் இரண்டாம் நரசிம்மனின் சேனையால் மீட்கப்பட்ட அவ்வரசன், முன்னோர் ஈட்டிய சாம்ராஜ்யம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்க, சில ஆண்டுகளுக்குள் இக்கடற்கரைத் தலத்திலே இரசிகனாய் வீற்றிருந்தான் என்பதை எண்ணுங்கால், மேடையில் நிகழ்ந்ததைவிட எதிரே அமர்ந்திருந்தவனின் அவலமே நாட்டிய நாடகத்துக்கேற்ற வஸ்துவென்று தோன்றுகிறது. இவ்வாலயத்தில் சாந்திக்கூத்து, சொக்கம் எனும் ஆடல்வகைகளும் ஆடப்பட்டன. அவற்றின் உரிமை குறித்துப் பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் ஆகிய ஆலயப் பணிமகளிர் பிரிவினரிடையே மூண்ட பிணக்கு, 14-ஆம் நூற்றாண்டில் இராசநாராயண சம்புவராயர் காலத்தில் தீர்க்கப்பட்டது.