நரம்பின் கதை – 9: உள்ளே சிக்கிய அயனி காட்டிய வழி

நரம்புத் துடிப்புக்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கணக்கு எழுதி முடித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மின்னழுத்தம் மாறியதும் முதலில் சோடியம் உள்ளே பாய்கிறது; சற்றுப் பின்தங்கிப் பொட்டாசியம் வெளியேறி நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆனால் பொட்டாசியம் போகும் வழியான கால்வாய் எப்படிப்பட்டது? அதற்கு அந்தச் சமன்பாடுகளில் பதில் இல்லை.

பதில் தேட, நரம்பிழையின் உட்பக்கம் கைக்கு எட்ட வேண்டும். 1961-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் அதைச் சாதித்தார்கள். கணவாயின் ராட்சத நரம்பிழை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். அதை ரப்பர் தட்டில் கிடத்தி, மேலே சிறு உருளையை ஓட்டினார்கள். பற்பசைக் குழாயைப் பிதுக்கியதுபோல உள்ளிருந்த கூழ் வெளியே வந்தது. தட்டையாகிப்போன இழைக்குள் பொட்டாசியம் உப்புக் கரைசலைச் செலுத்தியதும் அது மறுபடி உப்பி, பல மணி நேரம் துடிப்புகளைக் கடத்தியது! உள்ளே எந்த அயனி இருக்க வேண்டும் என்பதை இனி ஆய்வாளரே முடிவு செய்யலாம்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கரான கிளே ஆம்ஸ்ட்ராங், டெட்ராஎத்தில்அமோனியம் என்ற பெரிய அயனியைக் கணவாய் நரம்பிழைக்குள் செலுத்தினார். பொட்டாசியம் வெளியேறுவது தடைபட்டது. பிறகு அதே அயனியில் நீண்ட வால் கொண்ட வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். மின்னழுத்தத்தை மாற்றியதும் பொட்டாசிய ஓட்டம் முதலில் ஏறியது. மின்னழுத்தம் அப்படியே இருக்கையிலேயே சரிந்தது. அதாவது, கால்வாயின் கதவு திறந்த பிறகுதான் அந்த அயனி உள்ளே நுழைந்து அடைக்கிறது. அப்படியானால் கதவு இருப்பது அதன் உட்புற முனையில்.

1972-இல் சிலி நாட்டவரான பிரான்சிஸ்கோ பெசனீயாவும் ஆம்ஸ்ட்ராங்கும் இன்னொரு விந்தையைப் பதிவு செய்தார்கள். நரம்பிழைக்குள் சோடியம் இருந்தால், மின்னழுத்தம் கூடக்கூட ஏற வேண்டிய பொட்டாசிய ஓட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கியது. மின்விசை சோடியத்தைக் கால்வாய்க்குள் தள்ளுகிறது. ஆனால் சோடியத்தால் மறுபக்கம் கடக்க முடியவில்லை. பின்னால் வரும் பொட்டாசியத்துக்கும் வழியில்லை. சீசியமும் இதையே செய்தது. இதிலிருந்து இருவரும் கால்வாயின் உருவத்தை ஊகித்தார்கள்: உட்பக்கம் அகன்ற வாய், அதற்கப்பால் பொட்டாசியத்துக்கே பொருந்தும் ஒடுங்கிய பகுதி.

1998-இல் ராட்ரிக் மெக்கின்னன் ஒரு பாக்டீரியப் பொட்டாசியக் கால்வாயின் வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்டபோது, அகன்ற உள்ளறையும் ஒடுங்கிய வடிகட்டியும் அப்படியே இருந்தன. அவருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இது கணவாயோடு முடிந்த கதை அல்ல. நம் இதயத்தில் உள்ள ஹெர்க் என்னும் பொட்டாசியக் கால்வாயின் உள்ளறையிலும் பல மருந்துகள் இப்படித்தான் சிக்குகின்றன. அதனால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குத் தாறுமாறாகலாம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது இதனால்தான். இன்று ஒரு புது மருந்து மனிதருக்குத் தரப்படுமுன் பொதுவாக ஹெர்க் சோதனைக்கு உட்படுத்தப்படுகிறது. கணவாய் நரம்பில் எது சிக்குகிறது என்று பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு நோயாளிகள் பட்டிருக்கும் கடன் பெரிது.

உள்ளிருக்கும் எல்லா அயனியும் அடைப்பதில்லை. திறந்துவிடும் அயனியும் உண்டு. அந்தக் கால்சியத்தின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)