வாழை அரணும் மன்னன் மதியும்

நாட்டுக் கதைகளில் வரும் மடமை நகைப்புக்கே உரியது என்பர் சிலர். அரசின் வீழ்ச்சிக்கு மடமையைக் காரணமாகக் காட்டும் கதைகளும் உள. 1612-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசவையில் தொகுக்கப்பெற்ற 'செஜாரா மெலாயு' என்னும் நூலில் அத்தகைய கதை ஒன்றைக் காண்கிறோம்.

பண்டைச் சிங்கபுரக் கடற்கரையில், 'தோடாக்' எனப்படும் கூர்மூக்கு மீன்கள் பாய்ந்து மக்களைக் கொன்றன. மன்னன் பதுக்கா ஸ்ரீ மகாராஜாவோ குடிகளை நிறுத்தி, அவர்தம் கால்களையே அரணாக்கினான். மாண்டோர் பலர். அப்போது சிறுவன் ஒருவன், வாழைமரங்களை அரணாக்கலாமே என்றான். அவ்வாறே செய்தனர், மீன்களின் மூக்குகள் வாழையில் சிக்கின, ஊர் பிழைத்தது.

இவன் வளர்ந்தால் கேடு என்று அமைச்சர் ஓத, மன்னன் சிறுவனைக் கொல்வித்தான். அப்பழி நாட்டைச் சார்ந்தது என்கிறது நூல். பின்னர் இஸ்கந்தர் ஷா காலத்தில் மஜபாகித் படையிடம் நகர் வீழ்ந்ததையும் அது கூறுகிறது. சிறுவனின் குருதியால் சிவந்த குன்றே புக்கிட் மேரா என்பது வாய்மொழி மரபு.

மீன்கள் தாக்கியது மெய்யோ புனைவோ, அஃதன்று இங்குக் கருதத்தக்கது. ஜொகூர் மன்னர் தம் முன்னோராகப் போற்றியது இச்சிங்கபுர மரபினரையே. அவ்வரசவை நூலே முன்னோன் செய்த பிழையை மறைக்காது எழுதி வைத்தது. குடிகளின் உயிரை அரணாக்கி, அறிவுக்கு அஞ்சுவோர் ஆட்சி நிலையாது என்பதே அது பின்வரும் அரசர்க்கு விட்டுச்சென்ற பாடம்.