கைநாட்டும் வாக்கும்

லெம்பா பெர்த்தாம் தோட்ட லயத்தில் பிறந்த என் பாட்டி, 'சட்டம்' என்ற சொல்லையே கொஞ்சம் குரலைத் தணித்துத்தான் சொல்வார். எங்கிருந்து வந்த பயம் அது?

மலாயாவின் ஒப்பந்தக் கூலிகள் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த காகிதம் வெறும் கொடுக்கல் வாங்கல் இல்லை. வேலையை விட்டு ஓடினால் ஜெயில். எச். எல். ஏ. ஹார்ட் 1961இல் வந்த தன் நூலில் சொல்வார்: துப்பாக்கி காட்டுகிறவனிடம் பணத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், ஆனால் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள் இல்லை. சட்டம் அப்படிப்பட்ட மிரட்டல் அல்ல என்று காட்டத்தான் அவர் இதை எழுதினார். கூலி ஒப்பந்தத்தைப் பார்த்தால் எனக்கு என்னவோ துப்பாக்கிதான் தெரிகிறது.

ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதே 1929இல்தான். ஆக, இந்த மலைக்கு வந்தவர்கள் காகிதத்தில் சுதந்திர ஆட்கள். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் கிளம்பலாம். ஆனால் கூட்டி வந்த கங்காணி பெரும்பாலும் ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். (பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு, அது வேற கதை.) ஜெயில் பயம் போன பிறகும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கடன் ஆளைப் பிடித்து வைத்தது. ஹார்ட் தேடிய 'கடமை' இதுதானா, இல்லை இன்னும் நைசான துப்பாக்கியா?

"எங்கப்பாவ வேற தோட்டத்துல கூப்பிட்டாங்க, சம்பளம் கூட. போகல" என்றார் பாட்டி.

ஏன் பாட்டி?

"கங்காணி மூஞ்சில எப்படிய்யா முழிக்கிறது?"